மோட்டர் வாங்கிவிட்டேன்

பட்டர்வொர்த், பினாங்கு
16 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். போனில் பேசினால் பாதியில் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள், நீங்கள் "சரி, வைக்கட்டா" என்கிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அந்த மோட்டர் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். போன வாரம் "மோட்டர் வாங்கிட்டேன்" என்று நான் சொன்னதும் அம்மா, "எத்தனை எச்பி? அங்க கிணறு யாருதுடா?" என்று கேட்டாள். இங்கே பைக்கை பைக் என்று சொல்கிறவர் குறைவு. மலாய்க்காரர், சீனர், நம்மாட்கள், எல்லாருக்கும் அது மோட்டர்தான். ஒன்றரை வருடத்தில் என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நான் வாங்கியது ஹோண்டா இஎக்ஸ்5. 109 சிசி. கறுப்பும் சிவப்பும் கலந்தது.

அடுத்து நீங்கள் விலை கேட்பீர்கள். பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட், முன்கூடை எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துச் சொச்சம் ரிங்கிட். நம்ம காசில் ஒரு லட்சத்துக்கு மேல். கடன் இல்லை அப்பா, அத்தனையும் ஓவர்டைம் காசு. வீட்டுக்கு அனுப்புவதில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. சந்தேகம் இருந்தால் அம்மாவிடம் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். வருடச் சாலை வரி எவ்வளவு தெரியுமா? 2 ரிங்கிட். ஒரு டீக் காசு. மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"கம்பெனி பஸ் சும்மாதானே வருது" என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். சும்மாதான் வருகிறது. ஆனால் ஏழு மணி ஷிப்டுக்கு ஐந்து மணிக்கே வெள்ளனே போய் ரோட்டில் நிற்க வேண்டும். சந்து சந்தாகப் புகுந்து ஆள் பொறுக்கிக்கொண்டு, கடல் தாண்டி, தீவில் கம்பெனி இருக்கிற பாயான் லெப்பாஸ் போய்ச் சேரும். ஒரு நாள் இரண்டு நிமிடம் பிந்தினேன், பஸ் போய்விட்டது. அரைநாள் சம்பளமும் போனது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இப்போது ஆறு மணிக்குக் கிளம்பினாலும் கேன்டீனில் ஒரு காப்பி குடிக்க நேரம் இருக்கிறது.

லைசென்ஸ் கதை தனி. பி2 என்று ஒரு வகுப்பு, 250 சிசி வரைக்கும் ஓட்டலாம். எழுத்துத் தேர்வில் 50 கேள்வி, 42 சரியாக இருக்க வேண்டும். அது போகட்டும். ஓட்டிக் காட்டும் தேர்வில் 'தித்தி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்த, ஒடுக்கமான ஒரு திட்டு. அதன் மேல் கால் ஊன்றாமல், கீழே இறங்காமல் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். புளியரை வயல் வரப்பில் சைக்கிள் விட்டவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று ஏறினேன். பாதியில் சக்கரம் இறங்கிவிட்டது. வரப்பில் நாம் ஒரே விசையாகப் போவோம். அந்த வேகம்தான் நம்மைத் தாங்கும். இங்கே மெதுவாகப் போகவேண்டும் என்பதுதான் பரீட்சையே. இரண்டாம் தடவை பாஸ்.

இனி வண்டி. உங்களுக்கு இதுதான் வேண்டும் என்று தெரியும்.

இதில் கிளட்ச் பிடி கிடையாது. ஆனால் நான்கு கியர் உண்டு. நம்ம டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஆக்சிலேட்டரைத் திருகினால் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும் இல்லையா, அதே வேலைதான். அதன் மேல் காலால் கியர் மாற்றுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். முன்னால் மிதிக்க மிதிக்க ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நின்ற பிறகு இன்னொரு மிதி மிதித்தால் நியூட்ரல், அடுத்த மிதியில் திரும்ப முதல் கியர். ராட்டினம் மாதிரி சுற்றி வரும். பெரியப்பா மகனின் ஸ்பிளெண்டரில் பழகின கால் உடனே ஒத்துக்கொண்டது. இடது கைதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் நான்கு விரலும் நீண்டு, இல்லாத பிடியை இழுத்து வெறுங்காற்றைப் பிடிக்கும். பின்னால் நிற்கிறவர்கள் கைக்குப் பயிற்சி செய்கிறான் என்று நினைத்திருப்பார்கள். ஒரு நாள் எந்தக் கியரில் நிற்கிறேன் என்று தெரியாமல் நியூட்ரல் என்று நினைத்து முறுக்கிவிட்டேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் நின்ற காரை முத்தமிடப் போய், ஒரு சாண் இடைவெளியில் நின்றது. கார்க்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அதோடு சரி.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பங்கில் ஊற்ற ஆள் கிடையாது. உள்ளே போய்க் காசைக் கட்டிவிட்டு நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு மானிய விலை, எனக்கு அது கிடையாது. அதற்கென்ன, கேரளத்து வண்டிகள் மலை இறங்கி நம்ம பக்கம் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகும்போது, எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தோமே என்று நாம் மீசை முறுக்கினவர்கள்தானே. இப்போது அந்தப் பக்கம் நிற்கிறேன்.

இன்னொன்று, பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். 1992லிருந்தே இங்கே அது சட்டம். நம்ம ரோட்டில் லைட் எரிந்தால் எதிரே வருகிறவர் விரலை மடக்கி விரித்துக் காட்டுவாரே, அந்தக் கருணை இங்கே இல்லை! ஹாரன் சத்தமும் இல்லை. நம்ம மலைப்பாதை எஸ் வளைவில் திரும்பும் முன் ஹாரன் அடி, அடித்துவிட்டுத் திரும்பு என்று நீங்கள் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது போகுமா? குடியிருப்பு முனையில் பழக்கதோஷத்தில் ஒரு அடி அடித்தேன். ஒரு சீனத் தாத்தா வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து, என்ன வேண்டும் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

வண்டி எடுக்கக் கூட வந்தவர் எங்கள் லைன் லீடர் பாய். கடையநல்லூர் பூர்வீகம், பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். பினாங்கில் கடையநல்லூர், தென்காசி ஆட்கள் அவ்வளவு பேர். இவர் நம்ம ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் சாரல் நேரத்தில் குற்றாலத்தில் தண்ணீர் எப்படி என்று என்னிடம் கேட்பார். "இது நம்ம பினாங்கு வண்டி லா தம்பி" என்று கடையில் வைத்து ஒரே பெருமை. உண்மைதான். தொழிற்சாலை இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பத்து காவானில் இருக்கிறது. ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூவும் பினாங்குக்காரர்தான். பஸ் கழுவிப் பிழைத்து மேலே வந்த மனுஷன் என்று பாய் சொன்னார்.

அப்புறம், தீவுக்குப் போகிற கடல் பாலம். 13.5 கிலோமீட்டர், 1985ல் திறந்தது. தெற்கே 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாவது பாலமும் ஒன்று உண்டு, என் வழி அது இல்லை. இரண்டிலும் மோட்டருக்கு 2019லிருந்து டோல் கிடையாது. இடது ஓரத்தில் நமக்கென்று தனிப் பாதை. ஆறு மணிக்கு இங்கே நல்ல இருட்டு, விடியவே ஏழு ஆகிவிடும். முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாகப் போகும், நானும் அதில் ஒன்றாகப் போவேன். நடுவில் கப்பல் போகிற இடத்தில் பாலம் மேடாக ஏறும். அங்கேதான் காற்று. நம்ம ஊர் கோட்டவாசலில் மலை இடுக்கு வழியாக வந்து முகத்தில் அறையுமே, அது எதிர்க்காற்று, குனிந்துகொண்டால் போதும். இது பக்கவாட்டில் வந்து வண்டியோடு நம்மையும் சேர்த்துத் தள்ளுகிறது. முதல் நாள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து, கம்பெனி போய்ச் சேர்ந்தபோது ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பிடியைத் தளர்த்தி வண்டியை அதன் போக்கில் விட்டால் அதுவே நிமிர்ந்துகொள்கிறது என்று நான்காம் நாள்தான் தெரிந்தது.

மழை வந்தால் எல்லாரும் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கிவிடுவார்கள். பாலத்து நடுவில் பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடமில்லை, நனைய வேண்டியதுதான். இந்த மாதம் இரண்டு தடவை நனைந்தேன்.

இங்கே எல்லாரும் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். பட்டன் வரிசை முதுகுப் பக்கம், நெஞ்சு முழுக்க மூடியிருக்கும். முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம், நீங்கள் இருட்டோடு தென்மலைக்கும் இடமண்ணுக்கும் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைக்குள் பழைய பேப்பரை மடித்து வைத்துக்கொள்வீர்களே, அது ஞாபகம் வந்தது. கொத்துக் கரண்டியும் மட்டப்பலகையும் முன்னால் சாக்கில், நெஞ்சில் தினசரிப் பேப்பர். சாயங்காலம் அதை எடுத்து விரித்து நான் படம் பார்ப்பேன், வேர்வையில் எழுத்தெல்லாம் உங்கள் பனியனில் ஏறியிருக்கும். குளிருக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. படிக்கத்தான் கொண்டுபோகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். இங்கும் தமிழ்ப் பேப்பர் கிடைக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒன்றை மடித்து உள்ளே வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தாங்குகிறது.

குறை என்றால் அந்த முன்கூடை. கடைப் பையன் கோணலாக மாட்டிவிட்டான், சோற்று டப்பா வழியெல்லாம் தாளம் போட்டது. ஒரு வாஷரை வைத்து முறுக்கிக் கம்பியால் கட்டிவிட்டேன், இப்போது சத்தம் இல்லை. மற்றபடி நீங்கள் ஓட்டிப் பார்த்தால் "கொள்ளாம்" என்று சொல்லுகிற வண்டி.

நாளை கார்த்திகை பிறக்கிறது. இனி இரண்டு மாதம் மலைப்பாதை முழுக்க சபரிமலை வண்டிதான். பாதிப் பேருக்கு அந்த வளைவுகள் புதுசு, டிரைவருக்குத் தூக்கமும் இருக்காது. எக்ஸ்எல்லின் பின்டயர் நான் வரும்போதே மொட்டையாகத்தான் இருந்தது. தம்பியிடம் விசாரித்தேன், இன்னும் மாற்றவில்லையாம். தனியாக 2,000 ரூபாய் அனுப்பியிருக்கிறேன். அது டயருக்கு மட்டும். அம்மா கையில் கொடுத்துவிடாதீர்கள், சீட்டுக்குக் கட்டிவிடுவாள்.

மாற்றியதும் தம்பியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டயர் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்