மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்களின் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் பணி நேரத்திலேயே இடமளிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள்,
அரசு மகப்பேறு மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: செவிலியர்களின் தொழில்சார் பயிற்சி, ஆய்வு வாய்ப்புகள் – வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிரசவ அறையிலும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலுமாக 18 ஆண்டுகள் பணியாற்றியுள்ள நான், என்னுடன் பணிபுரியும் செவிலியர்கள் அனைவரின் ஒப்புதலோடும் கையொப்பத்தோடும் இம்மனுவைத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன். கற்பதையும் ஆராய்வதையும் எங்கள் ஓய்வு நேரத்துக்குத் தள்ளிவிடாமல், பணியின் ஒரு பகுதியாகவே ஏற்று ஆணையிட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

எங்கள் துறையில் நேற்று சரி என்று கற்றது இன்று மாறிவிடுகிறது. பிரசவ வலியின் தீவிர நிலை கருப்பைவாய் 4 செ.மீ. விரிந்ததும் தொடங்குகிறது என்று படித்துத்தான் நானும் என் வயதொத்தவர்களும் பணிக்கு வந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டி அதை 5 செ.மீ. என்று கொள்கிறது. ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டரை அறியாமல், முன்னேற்றம் போதவில்லை என்று பதறி, தேவையற்ற சிகிச்சைக்கு ஒரு தாயை உட்படுத்திவிட முடியும். இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் சுற்றறிக்கையாகத்தான் எங்களை வந்தடைகின்றன. இரவுப் பணி முடித்துக் களைத்து நிற்கும்போது அதில் கையெழுத்து வாங்கப்படுகிறது. கையெழுத்திட்டவர் கற்றுக்கொண்டவராகவும் கணக்கில் சேர்க்கப்படுகிறார்.

பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்டத் தொடங்க வேண்டும். முகமூடியின் விளிம்பு தாடையில் சரியாகப் பதியாவிட்டால் காற்று பக்கவாட்டில் கசிந்து போகும். எவ்வளவு அழுத்தினாலும் நெஞ்சு எழாது. அந்தப் பிடியை விரல்கள்தான் நினைவில் வைத்திருக்கின்றன, பழகாத சில மாதங்களில் அவை மறந்தும் விடுகின்றன. ஆண்டுக்கொரு முறை அரங்கத்தில் அமர்ந்து கேட்கும் உரையால் அதை மீட்க முடியாது. வாரந்தோறும் பணியிடத்திலேயே, பயிற்சிப் பொம்மையை வைத்துப் பதினைந்து நிமிடம் செய்து பார்த்தால் போதும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு எங்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அவ்வளவே.

மாறாக, பல வாரப் பயிற்சி முடித்து வந்த செவிலியரைச் சுழற்சி முறையில் வேறு பிரிவுக்கு அனுப்பிவிடும் வழக்கம் எங்களை மிகவும் வருத்துகிறது. எடை குறைந்த குழந்தைக்குக் குழாய் வழியே பாலூட்டக் கற்றவர் அறுவை அரங்கில் கருவிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரிடத்துக்கு வந்தவர் முதலிலிருந்து கற்கிறார். சிறப்புப் பயிற்சி பெற்றவர், தாமே விரும்பிக் கேட்டாலன்றி, குறைந்தது மூன்று ஆண்டுகளாவது அதே பிரிவில் நீடிக்க ஆவன செய்ய வேண்டுகிறோம்.

ஆய்வு செவிலியரின் வேலையன்று என்ற எண்ணம் பலரிடம் இருப்பதால், ஒரு வரலாற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்புச் செவிலியராக இருந்த ஜீன் வார்டு என்பவர் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். ஒருநாள், மஞ்சள் காமாலை கண்ட ஒரு குழந்தையின் உடலெங்கும் நிறம் வெளிறியிருக்க, முக்கோண வடிவில் ஓரிடம் மட்டும் அடர்மஞ்சளாக இருப்பதை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். துணியின் முனை மூடியிருந்த இடம் அது. வெளிச்சம் பட்ட இடத்தில் மஞ்சள் குறைகிறது என்ற அந்தக் கவனிப்பிலிருந்துதான், இன்று உலகெங்கும் பச்சிளங்குழந்தைகளைக் காக்கும் ஒளிச் சிகிச்சை வளர்ந்தது. 1958-இல் அதுபற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்கள் மூவர். செவிலியர் ஜீன் வார்டின் பெயர் அவர்களுள் இல்லை.

இதை நான் மனவருத்தத்தோடு எழுதக் காரணம் உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், பிரசவ அறையிலிருந்து வார்டுக்கு மாற்றப்படும் குழந்தைகளின் உடல் வெப்பநிலையை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கிய குழந்தைகள் பெரும்பாலும் இரவில் பிறந்தவர்களாகவே இருந்தார்கள். குழந்தைக்குச் சூடு தரும் கருவியான வார்மரை முன்கூட்டியே போட்டு வைக்க இரவில் கைகள் போதவில்லை என்பதே காரணம் என எனக்குப் பட்டது. அதை மேலும் முறையாக ஆராய நெறிமுறைக் குழுவின் அனுமதி கேட்டபோது, செவிலியர் நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை என்றார்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

2023-இல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வையும் குறிப்பிட வேண்டும். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் அது நடந்தது. பிரசவத்துக்குப் பின் வெளியேறும் இரத்தத்தை அளவுக்கோடிட்ட விரிப்பில் சேகரித்து அளந்து, மிகுதியான இரத்தப்போக்கைக் காலத்தே கண்டறிந்து, ஏற்கெனவே புழக்கத்திலுள்ள சிகிச்சைகளை ஒருங்கே தொடங்கியதில், கடும் இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. படுக்கையருகே நிற்பவர் அளந்தார், அளந்ததை நம்பி உடனே செயல்பட்டார். படுக்கையருகே நிற்கும் எங்களுக்கும் அத்தகைய ஆய்வுகளை வடிவமைப்பதில் பங்கு வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு செவிலியருக்கும் மாதம் எட்டு மணி நேரத்தைப் பயிற்சிக்கும் ஆய்வுக்குமாகப் பணி நேரக் கணக்கிலேயே ஒதுக்கி, அந்நேரத்துக்கு மாற்றுச் செவிலியரையும் நியமிக்க வேண்டுகிறோம். மாற்று ஆள் இல்லாத ஆணை, பிரிவில் மிஞ்சியிருக்கும் செவிலியரின் தலையிலேயே சுமையாக விழும். நெறிமுறைக் குழுவில் மூத்த செவிலியர் ஒருவருக்கு இடமும், முதன்மை ஆய்வாளராக நேரடியாக விண்ணப்பிக்கும் உரிமையும், புள்ளியியல் அறிந்த ஒருவரின் உதவியும், சிறு ஆய்வுகளுக்கான நிதியும் தேவை. தரவு திரட்டியதோடு ஆய்வை வடிவமைப்பதிலும் எழுதுவதிலும் பங்களித்தவரின் பெயர் கட்டுரையில் இடம்பெறுவதை விதியாக்க வேண்டும். மேற்படிப்புக்குச் செல்வோருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பும், திரும்பியதும் படிப்புக்கேற்ற பணியிடமும் வழங்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறையைத் தாங்கள் காரணமாகச் சொல்லக்கூடும். அதை நாங்கள் ஒவ்வொரு இரவும் அறிகிறோம். கற்க வழியில்லாமல் பணியை விட்டு விலகியவர்களும் அந்தப் பற்றாக்குறைக்குள் அடக்கம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எல்லாப் பிரிவுகளிலும் உடனே இயலாதெனில், ஒரு பிரசவ அறையிலும் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் ஆறு மாதம் நடத்திப் பார்க்க அனுமதியுங்கள். பதிவுகளை நாங்களே பராமரித்துத் தங்களிடம் ஒப்படைக்கிறோம்.

தாங்கள் நேரம் ஒதுக்கினால், மேற்கண்ட நோட்டுடன் நேரில் வந்து விளக்கமளிக்கத் தயாராக உள்ளோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள்.

இணைப்பு: செவிலியர்களின் கையொப்பப் பட்டியல்.