கண்டியூர் சாலையில் உதவிய பெரியவருக்கு நன்றி

நேற்று மாலை தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில், கண்டியூருக்கு அருகே என் சைக்கிளின் பின்சக்கரம் கரகரவென்று ஆடத் தொடங்கியது. புளியமரத்தடியில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் அச்சைக் கழற்றிப் பார்த்தார். அச்சைச் சுற்றி உருளும் சிறு எஃகுக் குண்டுகளில் இரண்டு உடைந்திருந்தன. அவற்றை அச்சின் பக்கம் தாங்கும் கூம்பு வடிவ மரையான கோனில் குழி விழுந்திருந்தது.

"பழைய குண்டோடு புதியதைக் கலக்கக் கூடாது தம்பி, பளு முழுவதும் புதியதன் மேல் விழும்" என்று சொல்லி, பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள் 18-ஐயும் மாற்றினார். குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பை மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாகப் பதித்தாரே, அந்த நிதானம்! கோனை இறுக்கி, சற்றே தளர்த்தி, சக்கரம் ஆடாமலும் பிடிக்காமலும் சுழல்கிறதா என்று திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தார். இருட்டிவிட்டது, அப்போதும் அவசரப்படவில்லை.

கூலி வாங்க மறுத்துவிட்டார். பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். ஐயா, மனமார்ந்த நன்றி. இன்று காலை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துச் சந்தைக்குப் போய்வந்தேன், சத்தமே இல்லை.