மேகமலை மக்களுக்கு ஒரு நன்றி மடல்

மணலாறு எஸ்டேட் அக்காமார்களுக்கும், ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அந்த அண்ணனுக்கும், தென்பழனி சோதனைச்சாவடியில் இருந்தவர்களுக்கும் மதுரையிலிருந்து வணக்கம்.

போன மாதம் பைக்கில் தனியாக வந்து, கிளட்ச் வயர் அறுந்து உங்கள் ஊர் ரோட்டில் நின்ற பெண் நான்தான். அன்றைக்கு இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டியிருந்ததால் நின்று பேச நேரம் இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாரும் படிக்கும்படியே சொல்கிறேன்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர் என்று காலையில் வண்டி நன்றாகத்தான் வந்தது. 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தாயிற்று. அணையைப் பார்த்துவிட்டு மேலே போகும்போது, ஒரு ஏற்றத்தில் கியர் மாற்றப் பிடித்த லிவர் தொளதொளவென்று கைக்குள் வந்துவிட்டது. லிவருக்குள் உட்காரும் ஈயக்குண்டை ஒட்டியே வயர் அறுந்திருந்தது. சமதரை என்றால் கிளட்ச் இல்லாமலேயே எப்படியாவது உருட்டிக்கொண்டு வந்துவிடலாம். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து, எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நின்று, மறுபடி எடுக்க வேண்டிய மலைப்பாதையில் அது ஆகாது. போனில் சிக்னலும் இல்லை.

அப்போதுதான் கொழுந்து எடுத்துவிட்டு நீங்கள் நாலைந்து பேர் வந்தீர்கள். "தனியாவா வந்த தங்கம்? சரி, தள்ளு, தள்ளு" என்று கேள்வியும் கையும் ஒன்றாகவே வந்தன. நாள் முழுக்கச் சரிவில் நின்று வேலை பார்த்த உடம்போடு என் வண்டியை லைன் வீடுகள் வரைக்கும் தள்ளினீர்கள். திண்ணையில் உட்காரவைத்துக் கட்டன் டீ கொடுத்தீர்கள். அந்தக் குளிரில் அதற்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை.

அண்ணா, உங்களுக்கு என்ன சொல்ல! உங்கள் வண்டியும் என்னுடையதும் ஒரே ரகம் என்று பார்த்ததும், நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் உங்கள் வண்டியிலிருந்தே வயரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டீர்கள். என் பழைய வயரை அப்படியே உருவி எடுக்காமல், அதன் நுனியில் உங்கள் வயரைக் கட்டி, டேங்குக்கு அடியில் மெதுவாக இழுத்தீர்கள். போன வழியிலேயே புதிது போய் உட்கார்ந்தது. பிறகு எஞ்சின் பக்கம் நட்டைத் திருகி, லிவரை ரெண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, மறுபடி திருகி, என்னையும் அமுக்கச் சொல்லித் திருப்தியான பிறகுதான் ஸ்பேனரைக் கீழே வைத்தீர்கள். "உங்களுக்கு வண்டி வேண்டாமா அண்ணே?" என்றதற்கு, "ஃபேக்டரி நடக்கிற தூரந்தானம்மா, நீ வெளிச்சத்தோட இறங்கு" என்றீர்கள். பணத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

கடை கண்ணி பக்கத்தில் இருக்கிற ஊரில் உதவுவது வேறு. ஒரு வயர் வாங்கச் சின்னமனூருக்கு இறங்க வேண்டிய இடத்தில், இருக்கிற ஒன்றைக் கழற்றிக் கொடுப்பதற்கு ரொம்பப் பெரிய மனசு வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சோதனைச்சாவடி அண்ணன்மார்களே, மேலே போகும்போது நோட்டில் என் வண்டி எண்ணை எழுதியதோடு விடாமல், "அந்தப் பொண்ணு இன்னும் இறங்கலையே" என்று மேலிருந்து வந்த வண்டிக்காரர்களிடம் எல்லாம் விசாரித்திருக்கிறீர்கள். இது 2021-இல் புலிகள் காப்பகமான காடு. யானை நடமாடும் பாதை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு வண்டிகளை விடாததற்குக் காரணம் இருக்கிறது. கேட்டருகே என்னைக் கண்டதும் உங்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியை என் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் உங்களுக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

அண்ணா, மறுநாளே புது கிளட்ச் வயர் ஒன்றும், கூடுதலாக ஒன்றும் வாங்கிச் சின்னமனூரிலிருந்து வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். கொண்டுவந்து சேர்த்த நடத்துநருக்கும் நன்றி. உங்கள் பழைய வயர் என் வண்டியிலேயே இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது. அடுத்த முறை வரும்போது அக்காமார்களுக்கு மல்லிகைப்பூவும், பிள்ளைகளுக்கு மதுரை அல்வாவும் கொண்டுவருகிறேன். டீ மட்டும் உங்கள் வீட்டில்தான்.

அன்புடன்,
உங்கள் மதுரைத் தங்கச்சி