ஷெஃபீல்டில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கொஞ்ச நாளாக வீடியோவில் முகமே காட்டுவதில்லை, “வேலை அதிகம்மா” என்று குரல்பதிவு மட்டும் வருகிறது. சரி, வேலை இருக்கும்.

போன வருஷம் சாட்ஸ்வொர்த் மாளிகையில் பெரிய தொப்பி போட்ட ஒரு அம்மாள் படத்தைக் காட்டினாயே, டெவன்ஷயர் டியூக்கின் மனைவி ஜார்ஜியானா, அவளைப் பற்றித்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். 17-வது பிறந்த நாளை ஒட்டியே கல்யாணம். பெண்களுக்கு ஓட்டே இல்லாத 1784-ல், வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காகக் கடை கடையாக ஏறி ஓட்டுக் கேட்டிருக்கிறாள். வாக்குப்பதிவு மட்டுமே 40 நாள். கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினாள் என்று கேலிச்சித்திரம் அச்சடித்து விற்றார்கள். நடுவில் செயின்ட் ஆல்பன்ஸுக்கு அம்மாவிடம் போனவளைக் கட்சிக்காரர்கள் கெஞ்சித் திரும்ப வரவழைத்தார்கள். தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். மூன்றாவதாக வந்தவரைவிட 236 ஓட்டு கூட வாங்கி ஃபாக்ஸ் ஜெயித்தார். படிக்கும்போது, கல்லூரித் தேர்தலுக்கு ஹாஸ்டல் ஹாஸ்டலாக நடந்து தொண்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாயே, அதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவ்வளவு பேரிடம் தைரியமாகப் பேசியவளுக்கு வீட்டில் வாய் திறக்க முடியவில்லை. சீட்டாட்டக் கடன். நீ சீட்டைத் தொட மாட்டாய், உன்னைச் சொல்லவில்லை. தாமஸ் கூட்ஸ் என்ற வங்கிக்காரரிடம் வாங்கினாள், தெரிந்தவர்களிடம் வாங்கினாள். கணவரிடம் சொல்ல வேண்டி வந்தபோதும் முழுத் தொகையைச் சொன்னதில்லை. பாதியை மறைத்தால் அந்தப் பாதி குட்டி போடாமல் இருக்குமா? 1806-ல், 48 வயதில் சாகும்வரை இதே பாடுதான். அவள் அம்மா ஸ்பென்சர் சீமாட்டி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக் கண்டித்துக்கொண்டே இருந்தாள். இத்தனைக்கும் சீட்டுப் பழக்கம் அந்த அம்மாளுக்கும் இருந்தது. எனக்கு அவள்மேல்தான் கோபம். திட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்?

பெரியகுளம் மாமா விஷயத்தில் நாம் பட்டது போதும். அவரும் கடைசி வரைக்கும் “ஒண்ணுமில்லக்கா” என்றுதானே சொன்னார். நீயாவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாத ஆளா நான்?

தம்பி எதுவும் சொல்லவில்லை, அவனைக் கோபிக்காதே. உன்னோடு பேசிவிட்டு மொட்டை மாடிக்குப் போனவன் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை, அவ்வளவுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கார்டில் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போகாதே, வட்டி விடாது. தபால் நிலையத்தில் போட்டது இந்த மாசம் முதிர்கிறது. அப்பாவிடம் பேசிவிட்டேன், அவர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுது. முழுத் தொகையையும் எழுது.

அம்மா