சொட்டுக் கணக்கு

கண்ணம்மா,

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்களாமே, சந்தோஷம். முதல் வகுப்பிலேயே ஊசியைக் கையில் கொடுக்கப்போகிறேன் என்றாய். அதைக் கொஞ்சம் தள்ளிவை. குழந்தைகள் ஐசியூவில் காலத்தை ஓட்டியவள் சொல்கிறேன், முதலில் கணக்கைச் சொல்லிக்கொடு.

மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 250 மில்லி ரத்தம்தான். பெரியவர்களிடம் யோசிக்காமல் இழுக்கிற 5 மில்லி அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு! ஆர்ட்டீரியல் லைன், அதாவது தமனிக்குள் செருகியே வைத்திருக்கும் மெல்லிய குழாய், இருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் குத்த வேண்டியதில்லை, குழந்தை அழுவதில்லை, அதனால் ஆளாளுக்கு வந்து எடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் சலைன் கலந்த முதல் பகுதியை வெளியே எடுத்துக் கொட்டுவார்கள். அதையும் சேர்த்து சார்ட்டில் எழுதவை. நாலாம் நாள் ஹீமோகுளோபின் ஏன் இறங்கியது என்று டாக்டர் கேட்கும்போது பாதிப் பதில் அந்தத் தாளில் இருக்கும். கொட்டாமல் அதே ரத்தத்தைத் திருப்பிச் செலுத்தும் மூடிய செட் உங்களிடம் இருந்தால் அதிலேயே பழக்கு.

அப்புறம் குதிகால். நான் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தைக்குக் குத்தினேன், ரத்தம் வரவில்லை, எலுமிச்சம்பழம் மாதிரிப் பிழிந்தேன். பொட்டாசியம் 7க்கு மேல், இதயத்துக்கே ஆபத்தான அளவு என்று ரிப்போர்ட். எல்லோரும் ஓடிவந்தார்கள், இசிஜியில் ஒன்றுமில்லை, ரத்த நரம்பில் திரும்ப எடுத்தால் சாதாரண அளவு. நான் பிழிந்ததில் சிவப்பணு உடைந்து கசிந்த பொட்டாசியம் அது. அதை இறக்க மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. இந்தக் கதையை வகுப்பில் தாராளமாகச் சொல், என் பேரைச் சொன்னாலும் பரவாயில்லை.

குதிகாலை முதலில் இதமாகச் சூடாக்கணும், ஓரத்தில் மட்டும் குத்தணும், முதல் சொட்டைத் துடைத்துவிடணும், விட்டுவிட்டு அழுத்தணும். ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் குறைந்துபோய், கால் ஜில்லிட்டுக் கிடக்கிற குழந்தைக்கு அந்தப் பக்கமே போகவேண்டாம், வருகிற அளவை நம்பமுடியாது.

எந்த டியூபை முதலில் நிரப்புவது என்ற வரிசையில்தான் எல்லோரும் குழம்புவார்கள். நரம்பில் எடுத்தால் ஊதா மூடி கடைசிப் பக்கம், அதிலிருக்கும் இடிடிஏ என்கிற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பயோகெமிஸ்ட்ரி டியூபில் ஒட்டினால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். குதிகாலிலோ சீக்கிரம் உறைந்துவிடும் என்பதால் உறையவிட்டுச் சோதிக்கிற சிவப்பு மூடிக்கு முன்னாலேயே ஊதா. இதை வாயால் சொல்லி ஆகாது, கலர் தண்ணீர் வைத்துப் பத்துத் தடவை செய்யவை.

டியூபில் பேர் எழுதி ஒட்டுகிற லேபிள் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் திட்டுகிறேன். நைட் டியூட்டி முடிந்தால் தூங்கு.

அம்மா