தங்கத்துக்குப் பிறகுதான் கதாயுதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய தொலைக்காட்சி முகங்களைப் பற்றிய கட்டுரையில் பிரவீண் குமார் சோப்திக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. பொழுதுபோக்காக வட்டு எறிந்துகொண்டிருந்த ஒரு பஞ்சாப் இளைஞரை மகாபாரதத் தொடர்தான் பீமனாக்கி உலகறியச் செய்தது என்று அதில் ஒரு வரி. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

தாங்கள் அறியாததல்ல, ஆனாலும் உங்கள் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். 1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் வட்டு எறிதலில் அவர் தங்கம் வாங்கியபோது வயது பத்தொன்பது. அதே போட்டியில் சங்கிலிக் குண்டு எறிதலில் வெண்கலம். அதற்குச் சில மாதங்கள் முன்னால் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் அதே சங்கிலிக் குண்டில் வெள்ளி. 1970இல் மறுபடியும் பாங்காக், மறுபடியும் வட்டு, மறுபடியும் தங்கம். 1974இல் தெஹ்ரானில் வெள்ளி. நடுவே மெக்ஸிகோ, மியூனிக் என இரண்டு ஒலிம்பிக். நல்ல பொழுதுபோக்குதான்! அவருக்குப் பிறகு இன்றுவரை ஆசியப் போட்டியில் ஆண்கள் வட்டு எறிதலில் எந்த இந்தியரும் தங்கம் வாங்கவில்லை. 2014இல் விகாஸ் கௌடா வெள்ளிவரை போனார், அவ்வளவே. அர்ஜுனா விருது 1967இல் வந்தது. பீமன் வேடம் கட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அர்ஜுனன் அவர் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

தமிழ்நாட்டில் கேட்டால், கமல்ஹாசன் நான்கு வேடங்களில் வந்த படத்தின் பீம் பாய் என்பார்கள். நானும் வயிறு குலுங்கச் சிரித்துப் பார்த்த படம்தான். மக்கள் அப்படி நினைவு வைத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. எழுதத் தெரிந்தவர்களும் அங்கேயே நின்றுவிடுவதுதான் பொறுக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். அதாவது, முழு ஆண்டுத் தேர்வு நெருங்கினால் தன் பாடவேளைகளைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்ப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவன். எங்கள் பள்ளியில் இருந்த வட்டு ஒரு மரத்தட்டு, சுற்றிலும் இரும்பு விளிம்பு. கோடை விடுமுறை முடிந்து எடுத்தால் விளிம்பெல்லாம் துரு. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். கல்லைப் போலக் கெட்டியாகப் பிடித்து எறிகிற பொருளல்ல அது. நான்கு விரல்களின் கடைசிக் கணுவில் விளிம்பு தொற்றிக்கொண்டிருக்கும். சுழலும் வேகத்தில்தான் கையோடு நிற்கும். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுற்றி, தட்டு ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டு கிளம்ப வேண்டும். எறிந்த வேகத்தில் முன்பக்கம் கால் வெளியே போனால் அத்தனையும் வீண். ஆண்களுக்கு அந்தத் தட்டு இரண்டு கிலோ. இதை ஆண்டுக்கணக்கில் செய்து ஆசியாவில் முதலாவதாக வந்தவருக்குத்தான் உங்கள் இதழில் அந்த வரி.

அந்தப் பள்ளி மைதானத்தில் இருந்த சிமென்ட் வட்டத்தின் மேல் பின்னாளில் ஆண்டு விழா மேடை கட்டிவிட்டார்கள். அது வேறு கதை.

பத்திரிகைக்காரர்கள் மீது எனக்குள்ள கோபம் பழையது. என்னிடம் பயின்ற ஒரு மாணவி மாவட்டப் போட்டியில் வட்டு எறிதலில் முதலிடம் பெற்றாள். மறுநாள் காலை அவளுடைய அப்பா நாளிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "எத்தனையாவது பக்கம் சார்?" என்று கேட்டார். விளையாட்டுப் பக்கத்தில் சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு மூன்று பத்தி அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். எறிந்த பிள்ளையின் பெயரும் இல்லை, எறிந்த தூரமும் இல்லை. நாளைக்கு வரும் என்று சொல்லி அனுப்பினேன். வரவில்லை.

2010 தில்லி காமன்வெல்த்தில் பெண்கள் வட்டு எறிதலின் மூன்று பதக்கங்களும் இந்தியாவுக்கே வந்தன. கிருஷ்ணா பூனியாவின் தங்கம், 1958இல் மில்கா சிங் வாங்கியதற்குப் பிறகு தடகளத்தில் நமக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் தங்கம். அவரோடு மேடையேறிய ஹர்வந்த் கௌர், சீமா அந்தில் பெயர்களை உங்கள் அலுவலகத்தில் யாரேனும் பார்க்காமல் சொன்னால் மகிழ்வேன். கிரிக்கெட் வீரர் முடிவெட்டிக்கொண்டால் அரைப் பக்கம் கிடைக்கிற நாட்டில் இந்த ஆசை கொஞ்சம் அதிகம்தான்.

பிரவீண் குமார் தம் கடைசிக் காலத்தில், மாறி மாறி வந்த பஞ்சாப் அரசுகள் தமக்கு ஓய்வூதியம் தரவில்லை என்று வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். 2022 பிப்ரவரியில் 74 வயதில் காலமானார். அப்போதும் பல தலைப்புகளில் இறந்தது பீமன்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: பாங்காக், 1966, 1970. படம் போடுவதாக இருந்தால் கையில் கதாயுதம் இல்லாத படமாகப் பாருங்கள். கூடவே, மாவட்டப் போட்டி முடிவுகளை வெளியிடும்போது பெயருக்குப் பக்கத்தில் தூரத்தையும் அச்சிடச் சொல்லுங்கள். அதனால் விளம்பரத்துக்கு இடம் குறைந்துவிடாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்