அந்தச் சுவரில் ஒரு வாசல் வையுங்கள்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரிக்கரைப் பூங்காவையும் அதை ஒட்டிய சமூக நலக்கூடத்தையும் பற்றி எங்கள் தெருக்காரர்கள் கொடுத்த மூன்று மனுக்களும் உங்கள் கோப்பில் இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு காலை ஆறரை மணிக்கு என் அம்மா நடைபாதையில் மயங்கி விழுந்தார். வயது 67, சர்க்கரை உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்தான் தினமும் நடக்கச் சொன்னார். பூங்காவில் கழிப்பறை இல்லாததால், முந்தின இரவு எட்டு மணிக்கு மேல் அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. மாதக்கணக்காக இப்படித்தானாம். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கூட நடக்கும் பெண்களைக் கேட்டேன். பாதிப் பேர் அதையேதான் செய்கிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம், நலக்கூடத்தில் ஆறு கழிப்பறைகள், குடிநீர்க் குழாய், நிழலான திண்ணை எல்லாம் இருக்கின்றன. நடைபாதையில் நின்றாலே ஜன்னல் கம்பி வழியாக வாஷ்பேசின் தெரியும். ஆனால் முகூர்த்த நாள் தவிர எப்போதும் பூட்டு. அன்று ஓடிப்போய்க் கேட்டேன். சாவிக்கொத்து காவலாளியின் இடுப்பிலேயே தொங்கியது. "உத்தரவு இல்லைம்மா" என்றார். அவர்மேல் வருத்தமில்லை, அவர் வேலை அது. அம்மாவின் முகத்தில் தெளிக்க டீக்கடையில்தான் தண்ணீர் வாங்கினேன்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சுவரில் ஒரு வாசல். பூங்கா திறந்திருக்கும் நேரமெல்லாம் கழிப்பறையும் குடிநீரும் திறந்திருக்க வேண்டும்.

பூங்கா ஒரு பிரிவு, நலக்கூடம் வேறு பிரிவு என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, உள்ளாட்சிக்கான 18 பணிகளில் பூங்காவையும் சேர்த்திருக்கிறது, பொதுக் கழிப்பிடத்தையும் சேர்த்திருக்கிறது. எங்களுக்கு இரண்டுமே நீங்கள்தான். 2023 நவம்பரில் அரசே 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. நடக்கச் சொல்கிறீர்கள், நடக்கிறோம். நடக்கிற பெண்ணுக்கு வழியில் ஒதுங்க ஓர் இடம் வேண்டாமா? புதிதாகப் போடும் பூங்காக்களிலும் நுழைவு வளைவும் நீரூற்றும்தான் முதலில் வருகின்றன. கழிப்பறை கடைசியில் வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்பது புரிகிறது. அதற்கு மாதாமாதம் ஒரு தொகை தர நடப்போர் எல்லாருமே தயார்.

அம்மா இப்போது தேறிவிட்டார். திங்கள்கிழமை முதல் மறுபடி நடக்கப் போவதாகச் சொல்கிறார். சுவரை உடைத்து வாசல் வைக்க நாளாகும் என்றால் சரி, அதுவரை காலையிலும் மாலையிலும் அந்தப் பூட்டையாவது திறக்க உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி ஒருத்தி